எதிரெதிர் முனைகளில் 9 மில்லிமீட்டர் வித்தியாசம்: பூல் க்யூ ஒட்டுக்கட்டையில் பிழை எங்கே?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. பூல் மேசையில் பந்தை அடிக்கும் கோலான க்யூவுக்கு, இரண்டு மரங்களைச் சேர்த்த ஒட்டுக்கட்டை செய்ய ஃபுல் ஸ்ப்லைஸ் நல்லதா, ஹாஃப் ஸ்ப்லைஸ் நல்லதா என்பது ஒன்று. ஹாஃப் ஸ்ப்லைஸில் செய்த முதல் கட்டையில் எதிரெதிரே இருக்கும் இரண்டு முனைகள் 9 மில்லிமீட்டர் ஏறி இறங்கி நிற்கின்றன, இது பசையின் கோளாறா என்பது இன்னொன்று. கையில் இருப்பது சின்ன லேத்தும், காடி வெட்ட ஒரு ரௌட்டரும். மேப்பிள் கட்டையில் பர்பிள்ஹார்ட் முனைகள். இன்னும் விட்டத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் கடைய மிச்சம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதையெல்லாம் படித்தபோது, உண்மையில் உங்கள் மனதில் இருப்பது மூன்றாவது ஒரு கேள்வி என்று எனக்குப் பட்டது: இந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு நான்கு முனைகளையும் ஒரே கோட்டில் நிறுத்த முடியுமா, அல்லது விலை உயர்ந்த இயந்திரம் இல்லாமல் இதைத் தொடவே கூடாதா? முடியும். எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் பத்தொன்பது வருடமாகக் கடைசல் வேலையில் இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் க்யூ கட்டுவதில் போனது. எல்லாமே கையால் ஓட்டும் லேத், கையால் ஓட்டும் மில்லிங். கணினி வழி ஓடும் சிஎன்சி இயந்திரத்தில் எனக்குப் பழக்கம் இல்லை. அதனால் அதைப் பற்றி இங்கே எதுவும் சொல்லவில்லை.

படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. க்யூவின் பின்பாதியைப் பட் என்கிறோம். அதில் கைப்பிடிக்கு மேலே, க்யூவின் முன்பாதியான ஷாஃப்ட் வந்து சேரும் இடம் வரை இருப்பது முன்கட்டை. வெளிர் நிற முன்கட்டைக்குள் கருமரம் கூர்கூராக ஏறியிருக்குமே, அந்தக் கூர்கள்தான் முனைகள். ஹாஃப் ஸ்ப்லைஸில் முன்கட்டையின் நான்கு பக்கமும் சரிவாக வி வடிவக் காடி வெட்டி, சதுரக் குச்சிகளை மூலை உள்நோக்கி இருக்கும்படி வைத்து ஒட்டி, அப்புறம் உருட்டிக் கடைகிறோம். கைப்பிடி தனிக் கட்டை. திருகும் பசையும் வைத்துப் பின்னால் சேர்ப்பது. ஃபுல் ஸ்ப்லைஸில் முனைகள் தனிக் குச்சிகள் அல்ல. கைப்பிடிக் கட்டையே நான்கு கொம்பாகப் பிரிந்து முன்கட்டைக்குள் ஏறுகிறது, முன்கட்டையும் ஆப்பாக ஒடுங்கி அந்தக் கொம்புகளுக்கு நடுவே இறங்குகிறது. இரண்டு கட்டைகள் விரல் கோத்த மாதிரி நிற்கும். நடுவில் திருகு கிடையாது.

இது அழகுக்காக வந்த வேலை இல்லை. முன்னே இலகுவான மேப்பிள், பின்னே கனமான கருமரம் என்று வைத்தால் இரும்புத் துண்டு சொருகாமலே எடை கைக்கு வந்துவிடும். திருகு இல்லாத ஒற்றைத்துண்டு க்யூவில் இரண்டு மரத்தைச் சேர்த்து நிறுத்த ஒட்டைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை. அமெரிக்காவில் பிரன்ஸ்விக் நிறுவனம் செய்த டைட்லிஸ்ட் அப்படிப்பட்ட ஒற்றைத்துண்டு க்யூ: ஃபுல் ஸ்ப்லைஸ், நான்கு முனை, ஓரத்தில் வண்ண வெனீர் என்னும் மெல்லிய மரத்தகடு. சிகாகோவின் ஹெர்மன் ராம்போ போன்றவர்கள் அதை வாங்கி நடுவில் வெட்டி, ஜாயின்ட் வைத்து இரண்டு துண்டு க்யூவாக மாற்றினார்கள். 1959-ல் க்யூ செய்யத் தொடங்கி 1975-ல் இறந்த ஜார்ஜ் பலபுஷ்காவும் முதலில் டைட்லிஸ்ட் கட்டைகளைத்தான் எடுத்தார். பிறகு பர்ட்டன் ஸ்பெயின் செய்த கட்டைகள், அதன் பிறகு கஸ் சாம்போட்டி செய்த கட்டைகள். இந்தத் துறையில் மிகப் பெரிய பெயர் எடுத்தவரே முனை வைத்த கட்டையைப் பிறரிடம் வாங்கியிருக்கிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒட்டுக்கட்டை செய்வது க்யூ செய்வதில் ஒரு சின்னப் படி அல்ல, அது தனித் தொழில். முதல் கட்டையிலேயே 9 மில்லிமீட்டருக்குள் வந்திருப்பது மோசமே இல்லை.

சரி, உங்கள் 9 மில்லிமீட்டருக்கு வருவோம். இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம், இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. உங்கள் முனையின் நீளம் 230 மில்லிமீட்டர் என்கிறீர்கள். அடியில் காடியின் ஆழம் கடைந்த மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். நுனியில் ஆழம் பூஜ்யம். அதாவது ஆழம் ஒரு மில்லிமீட்டர் மாறினால் நுனி 23 மில்லிமீட்டர் நகரும். ஒன்றுக்கு இருபத்து மூன்று. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். லேத்தில் கட்டை சுற்றும் அச்சு, காடி வெட்டியபோது இருந்த அச்சிலிருந்து 0.2 மில்லிமீட்டர் ஒரு பக்கம் தள்ளியிருந்தால், அந்தப் பக்கத்து முனை 4.6 மில்லிமீட்டர் நீளும், எதிர்முனை அதே அளவு குறையும். இரண்டுக்கும் இடையே 9.2. உங்கள் வித்தியாசம் அப்படியே இதுதான். 0.2 மில்லிமீட்டர் என்பது இரண்டு காகிதத் தடிமன். அந்த இரண்டு காகிதம்தான் உங்களுக்குத் தெரியும் 9 மில்லிமீட்டர். பசைக்கு இதில் பங்கில்லை.

ஆனால் ஒரு முனை குட்டையாக நிற்பதற்கு இது மட்டுமே காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டையைப் பார்த்தே பிழையைப் படிக்கலாம். எதிரெதிர் முனைகளில் ஒன்று நீண்டு மற்றது அதே அளவு குறைந்தால், மற்ற இரண்டும் சரியாக இருந்தால், அச்சு நகர்ந்திருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு நீண்டு மற்ற இரண்டு குறைந்தாலும் அதே கதைதான், மூலைவாட்டில் நகர்ந்திருக்கிறது. ஒரே ஒரு முனை மட்டும் குட்டை என்றால் நுனிக்கு முன்னால் உற்றுப் பாருங்கள். மெல்லிய பசைக்கோடு நுனியைத் தாண்டி ஓடினால், குச்சி காடியின் அடிவரை உட்காரவில்லை. கோடு எதுவும் இல்லாமல் மரம் மரத்தோடு இறுக்கமாக முடிந்தால் அந்தக் காடியே ஆழம் குறைவாக வெட்டப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் கட்டை வெட்டும்போது நடுவில் தொய்ந்திருக்கும், இல்லையென்றால் ரௌட்டருக்குக் கீழே ஒரு சீவல் சிக்கியிருக்கும். முனை நேராக ஏறாமல் ஒரு பக்கம் சாய்ந்தால் ரௌட்டர் பிட்டின் நடுக்கோடு கட்டையின் நடுக்கோட்டுக்கு மேல் இல்லை. முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஒன்றுக்கொன்று மாறினால், ஒரு காடி வெட்டியபின் அடுத்ததற்குக் கட்டையைத் திருப்பும் 90 பாகைத் திருப்பம் தவறியிருக்கிறது. நான்கும் சமமாக, ஆனால் நினைத்ததைவிடக் குட்டையாக வந்தால் அது பிழையே அல்ல, மொத்த ஆழத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

இன்னொரு சோதனை இருக்கிறது, நான் எந்தக் கட்டையிலும் தவறவிடாத ஒன்று. முன்கட்டையை வேண்டிய அளவைவிட 15 மில்லிமீட்டர் நீளமாக விட்டுச் செய்வேன். பசை காய்ந்ததும் அடிப்பக்கத்தில் மெல்லிய ரம்பத்தால் ஒரு வில்லை அறுத்தெடுத்து, 400 எண் உப்புத்தாளில் இருபுறமும் தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வெளிச்சத்தில் பிடிப்பேன். அப்போது தெரியும் படம்தான் அந்தக் கட்டையின் ஜாதகம். நான்கு கருமரத் துண்டுகள் நான்கு திசையிலும், நடுவில் மேப்பிள் ஒரு பெருக்கல் குறி போல. 90 பாகைக் காடிகள் நான்கு வெட்டினால் அடுத்தடுத்த காடிகளின் சுவர்கள் ஒன்றுக்கொன்று இணையாகத்தான் இருக்கும், அதனால் பெருக்கல் குறியின் ஒவ்வொரு கையும் ஒரே தடிமனில் ஓடும். உங்கள் அளவுகளில் அது ஏறக்குறைய நான்கரை மில்லிமீட்டர் வர வேண்டும். வெர்னியரால் நான்கு கையையும் அளந்து பாருங்கள். ஒரு கை 4, பக்கத்துக் கை 5 என்று வந்தால் திருப்பம் தவறியது அங்கேயே தெரிந்துவிடும். குச்சியின் மூலைக்கும் காடியின் மூலைக்கும் நடுவே கருப்பாகவோ பளபளப்பாகவோ ஒரு சின்ன முக்கோணம் தெரிந்தால் அது பசை தேங்கிய இடம். சுவர் ஓரம் முழுக்க முடி போல ஒரே மெல்லிசாக இருந்தால் நல்ல ஒட்டு. அந்த வில்லைகளை நான் தேதி எழுதிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். ஆரம்ப வருட வில்லைகளையும் இப்போதையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் கற்றுக்கொண்டது எல்லாம் அதிலேயே இருக்கிறது.

அந்த முக்கோணம் ஏன் வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். குச்சியின் மூலை கத்தி போலக் கூர்மை, ஆனால் ரௌட்டர் பிட்டின் மூக்கு எவ்வளவு நல்லதானாலும் கொஞ்சம் மழுங்கியிருக்கும். அதனால் மூலை அடியில் முட்டிவிடும், சுவர்கள் சேராது. மூலையை இழைப்புளியால் ஒரு தடவை சீவிவிட்டால் சேர்ந்துவிடும், பசைக்கும் ஓட இடம் கிடைக்கும். ஆனால் நுனியில் மேற்பரப்புக்கு வருவது அந்த மூலைதான். அங்கேயும் சீவினால் நுனி மொட்டையாகிவிடும். ஆகவே நுனிப்பக்கம் கடைசி 4 சென்டிமீட்டரைத் தொடாமல், மீதி நீளத்துக்கு மட்டும் சீவுங்கள். அடியில் அந்த மூலை மரத்துக்குள் புதைந்து கிடக்கும், யார் கண்ணிலும் படாது.

இப்போது அச்சு. உங்கள் கட்டை நகர்ந்தது எங்கே என்பது நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது: காடி வெட்டும்போது கட்டையை இரண்டு சென்டருக்கு, அதாவது இரு பக்கமும் தாங்கும் கூர்களுக்கு, நடுவே பிடித்தீர்கள், ஒட்டியபின் கடையும்போது ஒரு பக்கத்தைச் சக்கில் பிடித்தீர்கள். மூன்று தாடைச் சக் மரத்தைப் பிடிக்கும்போது 0.1, 0.2 மில்லிமீட்டர் தள்ளிப் பிடிப்பது சர்வ சாதாரணம். முதல் தடவை போட்ட சென்டர் துளைகளிலேயே கடைசி வரை நின்றிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. நான் செய்வது இப்படி. கட்டையின் இரு முனையிலும் 60 பாகைச் சென்டர் துளை போட்டு, அதில் சயனோஅக்ரிலேட் பசை (சூப்பர் க்ளூ) ஒரு சொட்டு விட்டு இறுகவைத்து, மறுபடி சென்டர் பிட்டால் மெதுவாகச் சுத்தம் செய்வேன். துளை கல் மாதிரி ஆகிவிடும். உருளையாக்குவது, டேப்பர் கொடுப்பது, காடி வெட்டுவது, ஒட்டியபின் கடைவது எல்லாமே அந்த இரண்டு துளைகளில்தான். காடி வெட்டும் சட்டத்திலும் அதே சென்டர்கள். ஒட்டும்போது வழியும் பசை துளைக்குள் போகாமல் மெழுகு அடைத்துவிடுவேன். ஒவ்வொரு வேலை தொடங்கும்போதும் நுண்ணிய ஆட்டத்தைக் காட்டும் டயல் கேஜை வைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பேன், 0.03-க்கு மேல் ஆடினால் நிறுத்திக் காரணம் தேடுவேன். ரௌட்டர் கட்டையை அமுக்கும் என்பதால் நடுவில் ஒரு தாங்கு கட்டாயம் வேண்டும். கடைசி வெட்டு கால் மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, நான்கு காடிக்கும் அந்தக் கடைசி வெட்டை ஆழத்தை மாற்றாமல் ஒரே மூச்சில் வெட்ட வேண்டும்.

இயந்திரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் மரம் நகர்ந்தால் எல்லாம் போச்சு. என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் திறமையைவிடப் பொறுமைக்குத்தான் அதிகம் கூலி. மரம் ஈரத்தை இழக்கும்போது வளையத்தின் போக்கில் ஒரு அளவும், மையத்திலிருந்து வெளிநோக்கி வேறு அளவும் சுருங்கும். கடின மேப்பிளில் முதலாவது இரண்டாவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அதனால்தான் வட்டமாகக் கடைந்தது முட்டையாகிறது, நேரான கட்டை வில்லாகிறது. ஈரப்பதம் 6 முதல் 8 விழுக்காட்டில் நிலைத்த பிறகே காடி வெட்ட வேண்டும். கருவி இல்லையென்றால் தராசு போதும். கட்டையின் தலையில் பென்சிலால் எடையும் தேதியும் எழுதுங்கள். வாரம் ஒரு முறை நிறுத்து அடுத்த வரியில் எழுதுங்கள். மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் அந்த அறையின் காற்றோடு மரம் சமாதானமாகிவிட்டது. நான் முன்கட்டையை மூன்று தவணையில் கடைகிறேன், ஒவ்வொன்றுக்கும் நடுவே குறைந்தது ஒரு மாதம், கயிற்றில் செங்குத்தாகத் தொங்கவிட்டு. ஒவ்வொரு தவணையும் உள்ளே அடைபட்டிருந்த இழுவிசையைக் கொஞ்சம் அவிழ்த்துவிடுகிறது. மரம் வளைவதென்றால் அப்போதே வளையட்டும், அடுத்த கடைசலில் எடுத்துவிடலாம். முனைக் குச்சிகளும் அதே அறையில், அதே காலம் கிடக்க வேண்டும். மேப்பிளுக்கு மட்டும் விரதம் இருந்துவிட்டு நேற்று வாங்கிய குச்சியை ஒட்டினால் அது உள்ளே இருந்துகொண்டு சுருங்கும்.

மரம் தேர்வில் ஒன்றுதான் முக்கியம்: ரேகை கட்டையின் நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். புள்ளி புள்ளியாகக் கண் வைத்த பேர்ட்ஸ்ஐ மேப்பிள் அழகுதான், ஆனால் ஒவ்வொரு கண்ணைச் சுற்றியும் ரேகை சுழல்கிறது. முதல் ஐந்தாறு கட்டைகளுக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பசையைப் பற்றி இங்கே பெரிய பயம் இருக்கிறது, அவ்வளவு தேவையில்லை. படகு கட்டுபவர்கள் பலகையை நீளத்தில் இணைக்க 1-க்கு 8 அல்லது 1-க்கு 12 சரிவு வைக்கிறார்கள். உங்கள் காடியின் சரிவு அதைவிட இரண்டு மடங்கு தட்டை. ரேகையோடு ரேகை படிந்த, பெரிய பரப்புள்ள ஒட்டு இது. மரம் சுத்தமாக இருந்து சுவர்கள் சேர்ந்தால் மரமே முதலில் உடையும். நான் மெதுவாக இறுகும் எபாக்சி பயன்படுத்துகிறேன், காரணம் அதில் தண்ணீர் இல்லை. வெள்ளை, மஞ்சள் மரப்பசைகளும் பலத்தில் குறைந்தவை அல்ல, ஆனால் அவற்றின் தண்ணீர் மரத்தை உப்பவைக்கும், இறுக்கமாகப் பொருந்திய குச்சி பாதி வழியில் நின்றுவிடும். எபாக்சியை இரு பக்கமும் தடவி, பத்து நிமிடம் விட்டு, மரம் குடித்த இடத்தில் மறுபடி தடவி, அப்புறம் குச்சியை வைத்து ரப்பர் பட்டையால் அடியிலிருந்து நுனி நோக்கிச் சுற்றிக்கொண்டே போவேன். மிச்சப் பசையும் காற்றும் நுனி வழியாக வெளியேறும். திருகுக் கவ்விகளால் நெருக்கிப் பிழிந்தால் எபாக்சி முழுக்க வெளியே வந்து ஒட்டு வறண்டுவிடும், ரப்பரின் அழுத்தமே போதும். ஒரு வாரம் தொடாதீர்கள். இன்னொன்று: அறை வெப்பத்தில் இறுகும் எபாக்சிகள் 50, 60 பாகை செல்சியஸை நெருங்கும்போது இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் காரின் டிக்கி அந்த அளவைத் தொடும். க்யூவை அங்கே விட்டுச் செல்ல வேண்டாம் என்று நான் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

எண்ணெய் மரங்கள் மட்டும் தனி வகை. ரோஸ்வுட் இனங்கள், குறிப்பாக கோகோபோலோ. என் மூன்றாவது வருடத்தில் கோகோபோலோ முனை வைத்து ஒரு கட்டை செய்தேன். ஒட்டும்போது ஒரு குறையும் தெரியவில்லை. நான்கு மாதம் கழித்துக் கடைசிக் கடைசலில், உளியின் சத்தம் திடீரென்று மாறியது. நிறுத்திப் பார்த்தால் ஒரு முனையின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்குப் பிளவு. குச்சியை நெம்பினேன், முழுதாகக் கையோடு வந்துவிட்டது. காடிப் பக்கம் பசை அப்படியே படிந்திருந்தது, குச்சிப் பக்கம் மழமழவென்று எண்ணெய்ப் பளபளப்பு. குச்சிகளைச் சீவி மூன்று நாள் மேசையில் விட்டுவிட்டுப் பிறகு ஒட்டியிருந்தேன். அந்த மூன்று நாளில் எண்ணெய் மேலே ஊறி வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த இன மரங்களை ஒட்டுவதற்குச் சற்று முன்தான் சீவுகிறேன், வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து, துணியில் நிறம் இறங்குவது குறையும் வரை துடைக்கிறேன், ஆவியானதும் உடனே பசை. அதன் பிறகு ஒரு முனைகூடப் பெயரவில்லை. அந்தத் தூசு தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது, ஒவ்வாமை ஒரு முறை வந்தால் விடாது. நல்ல முகமூடி இல்லாமல் அதைக் கடையாதீர்கள். ரோஸ்வுட்டும் கோகோபோலோவும் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுதும் 2017 ஜனவரியிலிருந்து அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, பிரேசில் ரோஸ்வுட் 1992-லிருந்தே முதல் பட்டியலில். நாடு தாண்டி வாங்குவதற்கும் அனுப்புவதற்கும் முன் இதைக் கவனியுங்கள். நீங்கள் எடுத்த பர்பிள்ஹார்ட் கற்றுக்கொள்ள நல்ல மரம். எண்ணெய்த் தொல்லை இல்லை, நிறம் எடுப்பாக இருப்பதால் பிழை ஒளியாது.

வெனீர் வைக்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். அடுத்த கட்டையில் வேண்டாம், அதற்கடுத்ததில் ஒன்று மட்டும் வையுங்கள். 0.6 மில்லிமீட்டர் வெனீரை குச்சியின் இரண்டு முகத்திலும் ஒட்டி, மூலையில் 45 பாகையில் சேர்க்கிறோம். காடியின் மூலையில் அது 0.85 மில்லிமீட்டர் ஆகும், அதே இருபத்து மூன்றால் பெருக்கினால் நுனியில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். நான்கு வெனீர் வைத்த முனையில் ஒரு நிறத்துக்குள் இன்னொரு நிறம் இரண்டிரண்டு சென்டிமீட்டராகப் பின்வாங்கி நிற்பது அதனால்தான். மூலைச் சேர்க்கையில் ஒரு முடி இடைவெளி இருந்தால் நுனியில் அது ஒரு நீண்ட கறுப்புக் கீறலாகத் தெரியும்.

இனி உங்கள் முதல் கேள்வி, எது நல்லது. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ருசியைச் சார்ந்ததையும் பிரித்துவிட வேண்டும். உறுதியானது: பக்கச் சுழற்சி கொடுத்து அடிக்கும்போது வெள்ளைப் பந்து கோட்டை விட்டு விலகுவது ஷாஃப்டின் முன்பகுதி எடையால் தீர்மானமாகிறது. பட்டில் எந்த ஒட்டு இருக்கிறது என்பதற்கு அதில் வேலை இல்லை. ஷாஃப்ட் நுனியில் ஒட்டியிருக்கும் தோலும் பந்தும் தொட்டிருப்பது ஒன்றிரண்டு மில்லி நொடிதான். ஹாஃப் ஸ்ப்லைஸில் முன்கட்டையும் கைப்பிடியும் சேரும் இடத்தில் திருகுக்காகத் துளையிடும்போது, நான் மேலே சொன்ன பெருக்கல் குறியின் நடுப்பகுதி முழுதும் போய்விடுகிறது, அதனால் அந்த இணைப்பு திருகையும் பசையையும் நம்பி நிற்கிறது. அங்கே வேலை மோசமானால் அடிக்கும்போது ஒரு ரீங்காரம் கேட்கும். ஃபுல் ஸ்ப்லைஸில் அந்த இணைப்பே இல்லை, ஆகவே அந்த ரீங்காரத்துக்கும் இடமில்லை. இதுவரை சந்தேகமில்லை. ஃபுல் ஸ்ப்லைஸ் அடி உயிரோட்டமாக இருக்கும், கைக்கு வேறு மாதிரி பேசும் என்பது ருசியின் பக்கம். எனக்கும் அப்படித் தோன்றுவதுண்டு. ஆனால் தோல், ஷாஃப்ட், எடை, ஜாயின்ட் எல்லாம் ஒன்றாக இருக்கும்படி இரண்டு க்யூ செய்து கண்ணை மூடி அடித்துப் பார்க்காத வரை, அந்தத் தோற்றத்தை மரத்தின் கணக்கில் எழுத மாட்டேன். நன்றாகச் செய்த ஹாஃப் ஸ்ப்லைஸை நான் கொடுத்தபோது ஃபுல் ஸ்ப்லைஸ் என்று நினைத்து ரசித்தவர்கள் இருக்கிறார்கள்.

செய்கிறவர் பக்கம் இருந்து பார்த்தால் முடிவு எளிது. ஃபுல் ஸ்ப்லைஸில் இரண்டு கட்டையின் சரிவும் ஒன்றுக்கொன்று அப்படியே ஒத்துப்போக வேண்டும், ஒரு கொம்பு சரியில்லை என்றால் அந்த ஒன்றை மட்டும் மாற்ற முடியாது, இரண்டு கட்டையும் விறகு. ஒட்டும்போது நீளவாக்கில் நெருக்கினால் ஆப்பு தானாகப் பக்கவாட்டில் இறுகும் என்பது அதன் அழகு, ஆனால் எட்டுச் சுவர் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். ஹாஃப் ஸ்ப்லைஸில் ஒவ்வொரு முனையும் தனித்தனிப் பாடம். வெனீர் இல்லாமல் ஐந்து ஹாஃப் ஸ்ப்லைஸ் கட்டை செய்து, நுனிகள் ஒரு மில்லிமீட்டருக்குள் நிற்கும் வரை ஃபுல் ஸ்ப்லைஸைத் தொடாதீர்கள் என்பதுதான் என் கருத்து.

கையில் இருக்கும் கட்டையை எறிய வேண்டாம், காப்பாற்றலாம். ஒன்றரை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறதே, அது போதும். குட்டை முனை இருக்கும் பக்கமாக அச்சை 0.2 மில்லிமீட்டர் தள்ள வேண்டும், அவ்வளவுதான். நுனிகள் நிற்பது ஷாஃப்ட் சேரும் பக்கம் என்பதால் அந்தப் பக்கத்துச் சென்டர் துளையைத்தான் முதலில் மாற்றுவது. பழைய துளையை மேப்பிள் ஆப்பும் பசையும் வைத்து அடைத்து, நான்கு தாடைச் சக்கில் பிடித்து, டயல் கேஜில் 0.2 பார்த்துப் புதிய துளை போடுங்கள். ஒரு மெல்லிய வெட்டு எடுத்து நான்கு நுனியையும் முன்முனையிலிருந்து அளந்து, வித்தியாசம் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். மிச்சம் இருப்பதை 46-ஆல் வகுத்தால் இன்னும் எவ்வளவு தள்ள வேண்டும் என்று வந்துவிடும். விட்டத்தில் ஒன்றரை என்றால் ஆரத்தில் முக்கால் மில்லிமீட்டர், அதற்கு நுனிகள் நான்கும் 17 மில்லிமீட்டர் இறங்கும், 230 என்பது 213 ஆகும். அதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள், பயப்பட வேண்டாம். கடைசித் தேய்ப்பில் தாளைக் கையால் ஒரே இடத்தில் அழுத்தாமல் நேரான கட்டையில் சுற்றித் தேய்க்கவும், ஒரு பக்கம் 0.05 அதிகம் தேய்ந்தாலே அந்த நுனி ஒரு மில்லிமீட்டர் இறங்கிவிடும். அடியிலிருந்து ஒரு வில்லை அறுத்து, தேய்த்து, படம் எடுத்துப் போடுங்கள். பெருக்கல் குறியின் நான்கு கைகளின் அளவையும் எழுதுங்கள், திருப்பம் சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.